மாடல் விலை சொன்னது, வீட்டுக்காரர் சரி என்றார்: ஸில்லோ ஆஃபர்ஸ் – ஒரு நிகழ்வு ஆய்வு

2021 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதங்களில் இணையத்தில் வீட்டு விலைகளைக் காட்டும் அமெரிக்க நிறுவனமான ஸில்லோ 9,680 வீடுகளை விலை கொடுத்து வாங்கியது. அதே மூன்று மாதங்களில் விற்றது 3,032. செப்டம்பர் 30 அன்று கையில் இருந்தவை 9,790 வீடுகள். இன்னும் எட்டாயிரத்துச் சொச்சம் வீடுகளுக்கு ஒப்பந்தமும் போட்டாகிவிட்டது. நவம்பர் 2 அன்று காலாண்டுக் கணக்கை வெளியிட்டபோது, இந்தக் கையிருப்பின் மதிப்பிலிருந்து 30.4 கோடி டாலரைக் கழித்து எழுதியது. வீடு ஒன்றுக்குச் சராசரியாக 31,000 டாலர். கூடவே இன்னொரு அறிவிப்பு: வீடு வாங்கி விற்கும் தொழிலை மூடுகிறோம், ஊழியர்களில் கால்வாசிப் பேரை அனுப்புகிறோம்.

வீட்டு விலைத் தரவு ஸில்லோவிடம் இருந்த அளவுக்கு மிகச் சில நிறுவனங்களிடமே இருந்தது. பதினைந்து ஆண்டுகளாக விலையைக் கணிப்பதுதான் அதன் அடையாளமே. ஆகவே "தரவு போதவில்லை", "அல்காரிதம் மட்டம்" என்று சொல்லி இதைத் தாண்டிப் போக முடியாது. விலையைக் கணிக்கும் மாடல் (கணினிக் கணக்கு முறை) தன் வேலையைச் சுமாராகச் செய்தது. மாடலின் எண்ணுக்கும் காசோலைக்கும் நடுவில் இருந்த முடிவெடுக்கும் அமைப்பில்தான் ஓட்டை.

தொழில் எப்படி நடந்தது

ஸில்லோவின் தளம் 2006-இல் சியாட்டிலிலிருந்து தொடங்கியது. வீட்டு முகவரியைத் தட்டினால் அதன் மதிப்பைக் காட்டும் ஸெஸ்டிமேட் அன்று முதல் அதன் முகப்பு அம்சம். பத்துக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இந்த மதிப்பீடு இருக்கிறது. 2017-இல் இதை மேம்படுத்த 10 லட்சம் டாலர் பரிசுப் போட்டி அறிவித்தார்கள். 2019 ஜனவரியில் மூவர் குழு ஒன்று, அளவுகோலாக வைத்த மாடலைவிட ஏறத்தாழ 13 சதவீதம் துல்லியமான மாடலைக் கொடுத்துப் பரிசை வென்றது.

அதுவரை ஸில்லோவுக்கு வருமானம் விளம்பரத்தில்தான். மதிப்பீடு தப்பினால் யாராவது கோபப்படுவார்கள், அவ்வளவுதான். அப்போதைய தலைமை நிர்வாகி ஸ்பென்ஸர் ராஸ்காஃப் 2016-இல் தன் சொந்த வீட்டை 10.5 லட்சம் டாலருக்கு விற்றார். அதே வீட்டுக்கு ஸெஸ்டிமேட் காட்டியது 17.5 லட்சம். ஊரே சிரித்தது, ஆனால் நிறுவனத்துக்கு ஒரு டாலர்கூட நட்டமில்லை.

2018 ஏப்ரலில் ஃபீனிக்ஸ் நகரில், வீடுகளைத் தானே வாங்கி விற்கும் ஸில்லோ ஆஃபர்ஸ் பிரிவு தொடங்கியதும் நிலைமை மாறியது. நடைமுறை இதுதான். வீட்டுக்காரர் இணையத்தில் படிவத்தை நிரப்புவார்: எத்தனை படுக்கையறை, எந்த ஆண்டு சமையலறையைப் புதுப்பித்தது, கூரை எவ்வளவு பழையது. படமோ வீடியோவோ அனுப்புவார். ஓரிரு நாளில் முதல் விலை வரும். ஒப்புக்கொண்டால் ஆள் வந்து பார்த்து ரிப்பேர் செலவைக் கழிப்பார். பிறகு பத்திரம், பணம். ஸில்லோ பெயிண்ட் அடித்து, கார்ப்பெட் மாற்றி, மறுபடி விற்பனைக்குப் போடும். வாங்குவதற்கும் விற்பதற்கும் நடுவில் மூன்று முதல் ஆறு மாதம்.

விலை ஏறும் என்று சூதாடுவதல்ல, வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் நின்று சேவைக் கட்டணம் வாங்குவதே நோக்கம் என்றது நிறுவனம். அதனால் ஒரு வீட்டில் லாபமோ நட்டமோ விலையில் கூட்டிக் கழித்து 2 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்று வைத்திருந்தது. 3 லட்சம் டாலர் வீடு என்றால் 6,000 டாலர். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் கணக்கு எல்லாம் இந்த 6,000-க்குள் அடங்குகிறதா இல்லையா என்பதுதான்.

2018-இல் வாங்கியது 686 வீடு. 2019-இல் 6,511. அந்த ஆண்டு பிப்ரவரியில் நிறுவனர்களில் ஒருவரான ரிச் பார்ட்டன் மறுபடி தலைமைக்கு வந்தார். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் மாதம் 5,000 வீடு, ஆண்டுக்கு 2,000 கோடி டாலர் வருவாய் என்று இலக்கு வைத்தார். 2020 மார்ச்சில் கொரோனாவால் நிறுத்தி, மே மாதம் மறுபடி தொடங்கினார்கள். 2021 பிப்ரவரியில் இருபதுக்கும் மேற்பட்ட நகரங்களில், தகுதியான வீடுகளுக்கு ஸெஸ்டிமேட்டையே முதல் விலையாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். இறுதி விலையை முடிவு செய்ததில் தனி மாடல்களுக்கும் விலை ஆய்வாளர்களுக்கும் பங்கு இருந்தது. ஆனாலும் விளம்பரத்துக்கு இருந்த எண் கடைசியில் காசோலையின் தொடக்கப் புள்ளி ஆனது இங்கேதான்.

1.9 சதவீதமா, 6.9 சதவீதமா

2021 ஜூனில் ஸில்லோ நியூரல் நெட்வொர்க் அடிப்படையிலான புதிய ஸெஸ்டிமேட்டை வெளியிட்டது. விற்பனைக்குப் பட்டியலிட்ட வீடுகளில் இடைநிலைப் பிழை 1.9 சதவீதம், பட்டியலிடாத வீடுகளில் 6.9 சதவீதம்.

இவ்வளவு வித்தியாசம் ஏன்? பட்டியலிட்ட வீட்டுக்கு, வீட்டுக்காரரும் அவருடைய புரோக்கரும் கேட்கும் விலை மாடலுக்கு முன்னாலேயே தெரியும். உள்ளே நடந்து பார்த்த ஒரு மனிதர் சொன்ன விலை அது. அதைக் கொஞ்சம் திருத்தினால் 1.9 வந்துவிடும். மாடல் தானாகக் கண்டுபிடித்தது அதில் கொஞ்சம்தான். ஸில்லோ ஆஃபர்ஸிடம் வந்தவையோ பெரும்பாலும் பட்டியலுக்கே போகாத வீடுகள். பொருந்தக்கூடிய எண் 6.9.

இடைநிலைப் பிழை 6.9 என்றால், பாதி வீடுகளில் பிழை அதைவிடக் கூடுதல். 3 லட்சம் டாலர் வீட்டில் பாதிக்குப் பாதி 20,700 டாலருக்கு மேல் தப்பும். அனுமதித்த இடைவெளியோ 6,000. ஆள் அனுப்பிப் பார்ப்பதால் பிழை குறையும், உண்மை. ஆனால் மூன்றில் ஒரு பங்காகக் குறையுமா?

தரவுத்தளத்தில் ஒரு வீடு எப்படித் தெரிகிறது என்று கிட்டே போய்ப் பார்க்கலாம். மூன்று படுக்கையறை, இரண்டு குளியலறை, 1,650 சதுர அடி, 1998-இல் கட்டியது, நீச்சல் குளம் உண்டு. அடுத்த தெருவில் இதே அளவுகளோடு இன்னொன்று. ஒன்றின் பின்சுவருக்கு அப்பால் நெடுஞ்சாலை. கார்ப்பெட்டில் பூனை மூத்திர வாடை, அது அடியில் உள்ள பலகைவரை இறங்கியிருக்கிறது. சமையல் மேடை லேமினேட். மற்றொன்றில் கருங்கல் மேடை, மதிய வெயில் படாத முற்றம். தரவில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இந்த வாடைக்குத் தரவுத்தளத்தில் கட்டம் கிடையாது. வாங்க வரும் குடும்பத்துக்கு மட்டும் வாசலிலேயே தெரிந்துவிடும்.

தரவும் எல்லா இடத்திலும் ஒரே தரத்தில் இல்லை. டெக்ஸாஸில் விற்ற விலையை அரசிடம் தெரிவிக்கும் கட்டாயமே கிடையாது. புரோக்கர்களின் கூட்டுப் பட்டியலில் வந்தால்தான் உண்டு. (பத்திரத்தில் கைடுலைன் மதிப்பையும் கையில் வேறு தொகையையும் பார்த்துப் பழகிய நமக்கு இது பெரிய அதிர்ச்சியாக இராது.) ஹூஸ்டன், டல்லாஸ் பக்கம் பிழைப் பட்டை அகலமாக இருக்க வேண்டும், அகலமான பட்டைக்கு ஏற்ற அளவு விலையைக் குறைக்கவும் வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே சராசரிப் பிழையை நிர்வாகக் குழுவுக்குக் காட்டும் அறிக்கையில் இது தெரியாது.

சரி சொல்பவர் யார்?

இதுதான் இந்த ஆய்வின் மையம். எனவே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

மாடல் மூன்று வீடுகளுக்கும் ஒரே விலை சொல்கிறது என்று வையுங்கள்: 3,00,000. அவற்றின் உண்மை மதிப்பு 2,80,000, 3,00,000, 3,20,000. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மாடலில் கோணலே இல்லை, சராசரி அச்சாக வருகிறது. இப்போது மூவருக்கும் 3,00,000 என்று கடிதம் போகிறது. 3,20,000 வீட்டுக்காரர் தூக்கிப் போடுகிறார். 2,80,000 வீட்டுக்காரர் அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறார். நடுவில் உள்ளவர் பாதி நேரம் ஒப்புக்கொள்வார், பாதி நேரம் மாட்டார். ஆக, வாங்கிய வீடுகளின் சராசரி மதிப்பு சுமார் 2,86,700. கொடுத்தது 3,00,000. வீட்டுக்கு 13,300 டாலர், அதாவது 4.4 சதவீதம் கையை விட்டுப் போகிறது. கோணல் இல்லாத மாடல், கோணலான கொள்முதல்.

1971-இல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர்கள் மூவர் இதே சிக்கலை எழுதி வைத்தார்கள். மெக்ஸிகோ வளைகுடா எண்ணெய் ஏலங்களில் ஜெயித்தவர்கள் ஏன் எதிர்பார்த்த லாபம் பார்ப்பதில்லை என்பது அவர்கள் கேள்வி. எண்ணெய் இருப்பை எல்லோரையும்விட அதிகமாக மதிப்பிட்டவர்தான் ஏலத்தில் ஜெயிக்கிறார் என்பது விடை. ஜெயித்தவனைப் பிடிக்கும் சாபம் என்ற பெயரும் நிலைத்துவிட்டது. வீட்டு வணிகத்தில் சாபம் இன்னும் கெட்டி. ஏலத்தில் எதிராளிக்கும் நிலத்தடி தெரியாது. இங்கே எதிரில் இருப்பவர் அந்த வீட்டிலேயே இருபது ஆண்டு குடியிருந்தவர்.

இதை அளக்க முடியாதா? முடியும். பிழையை எல்லா வீடுகளிலும் கணக்கிடாமல், நம் விலையை ஏற்றுக்கொண்ட வீடுகளில் மட்டும் கணக்கிட வேண்டும். நிராகரித்தவர்கள் பிறகு வெளிச்சந்தையில் என்ன விலைக்கு விற்றார்கள் என்பதும் பொதுத் தரவில் பெரும்பாலும் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இடைவெளி கண்ணுக்குத் தெரியும். பல நிறுவனங்களில் இந்தக் கணக்கு யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது. மாடல் குழு மாடலின் பிழையை அளக்கிறது, கொள்முதல் குழு எண்ணிக்கையை அளக்கிறது, நடுவில் உள்ளதை எவரும் அளப்பதில்லை. கடன் கொடுக்கும் நிறுவனத்திலும் மருத்துவக் காப்பீட்டிலும் இதே ஓட்டை இருக்கும்: நாம் சொன்ன வட்டியை, நாம் சொன்ன பிரீமியத்தை ஏற்று வருபவர் யார் என்பது.

ஐந்து மாதம் கழித்து வரும் விடை

2021 இரண்டாம் காலாண்டில் ஸில்லோ விற்ற வீடுகளில், வட்டிக்கு முந்தைய லாபம் சராசரியாக 5.76 சதவீதம். வைத்திருந்த 2 சதவீத வரம்பைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிறுவனத்தின் சொந்தத் தர்க்கப்படி இது தவறின் அறிகுறி: லாபம் வரம்பைத் தாண்டினால் விலையைக் குறைவாகச் சொல்கிறோம், வீடுகளைப் போட்டியாளர்களிடம் இழக்கிறோம் என்று பொருள். இதே தொழிலில் இருந்த போட்டி நிறுவனம் ஓப்பன்டோர் வேறு வேகமாக வாங்கிக்கொண்டிருந்தது. எனவே விலையை உயர்த்து.

கோளாறு எங்கே என்றால், அந்த 5.76 ஜூன் மாதத்து முடிவுகளின் மதிப்பெண் அல்ல. ஏப்ரல் முதல் ஜூன் வரை விற்ற வீடுகள், பெரும்பாலும் அதற்குச் சில மாதம் முன்பே வாங்கியவை. நடுவில் சந்தை பறந்தது. அந்தக் கோடையில் நாடு முழுவதும் வீட்டு விலை ஆண்டுக்குச் சுமார் 20 சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. லாபத்தைக் கொடுத்தது சந்தை. மாடலுக்கு அதில் பங்கு குறைவு.

கீஸர் தண்ணீர் குழாயில் வந்து சேர நேரம் ஆகும் குளியலறையை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சில்லென்று இருக்கிறதே என்று குமிழைத் திருப்புகிறோம், மாறவில்லை, மறுபடி திருப்புகிறோம். சுடுதண்ணீர் வந்து விழும்போது இரண்டு திருப்பும் சேர்ந்து விழுகிறது. ஸில்லோ விலையை ஏற்றியது ஏற்றம் தணியத் தொடங்கிய நேரத்தில். கணக்குக்காக: மாதம் 1.5 சதவீதம் ஏறும் என்று நம்பி ஐந்து மாதத்துக்கு 7.5 சதவீதம் சேர்த்து விலை சொல்லிவிட்டு, உண்மையில் மாதம் 0.5 மட்டும் ஏறினால் கிடைப்பது 2.5. ஐந்து சதவீதப் புள்ளி போய்விட்டது. இத்தனைக்கும் சந்தை விழவே இல்லை. ஏறும் வேகம் குறைந்தது, அவ்வளவே. "விலை ஏறிக்கொண்டுதானே இருக்கிறது" என்ற பேச்சு இந்த இடத்தில்தான் ஏமாற்றும்.

இதில் மாடல் பயிற்சிக்கும் பங்கு உண்டு. 2012-க்குப் பிந்தைய தரவில் மட்டும் பழகிய மாடலுக்குத் திருப்புமுனை என்றால் என்னவென்றே தெரியாது. ஃபீனிக்ஸில் 2006-க்கும் 2011-க்கும் இடையில் வீட்டு விலை பாதிக்கும் மேல் விழுந்தது. அந்த ஆண்டுகளைச் சோதனைக்கு வைத்து, "2006 ஜூனில் நின்றுகொண்டு நவம்பர் விலையைச் சொல்" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சோதனைத் தரவைக் குலுக்கல் முறையில் பிரித்தால், பக்கத்து வீட்டின் நவம்பர் விற்பனை பயிற்சிக்குள் புகுந்துகொண்டு பிழையைச் சின்னதாகக் காட்டும். தேதியை வெட்டுக்கோடாக வைத்துப் பிரிப்பது ஒன்றே வழி. அனுபவமுள்ள குழுக்களும் அவசரத்தில் சறுக்கும் இடம் இது.

மனிதத் தலையீடு, ஒரு திசையில் மட்டும்

அந்த நேரத்துப் பத்திரிகைச் செய்திகளின்படி, 2021 தொடக்கத்தில் மாடலின் விலைகள் சந்தையைவிடக் குறைவாக இருந்ததால் கொள்முதல் படுத்துவிட்டது. அதைப் பிடித்து நிறுத்த 'புராஜெக்ட் கெச்சப்' என்ற உள்திட்டம் வந்தது. அல்காரிதம் சொன்ன விலைக்கு மேல் கூட்டிக் கொடுக்கும் அடுக்குகள் சேர்ந்தன. விலையைக் கேள்வி கேட்கும் ஆய்வாளர்களின் கை கட்டப்பட்டது.

மாடலை மனிதர் திருத்துவது தப்பில்லை. திருத்தம் எந்தத் திசையில் போகிறது என்று பார்க்க வேண்டும். மேலேயும் கீழேயும் சமமாகப் போனால் அது அறிவு. பத்தில் ஒன்பது மேலே போனால் அது இலக்கின் அழுத்தம். மாதம் 5,000 வீடு என்ற எண் சுவரில் தொங்கும்போது, விலையைக் குறைக்கச் சொல்லும் ஆய்வாளர் எண்ணிக்கைக்கு எதிரி ஆகிவிடுவார். அந்த இலக்கை முழுதாக எட்டவில்லை என்றாலும், மூன்றாம் காலாண்டில் மாதத்துக்கு 3,200 வீடு வந்துவிட்டது. முந்தைய காலாண்டில் மொத்தமே 3,805.

எண்ணிக்கை இப்படி இரண்டரை மடங்கு தாவுவதை விற்பனைக் குழு வெற்றி என்று படிக்கும். விலை நிர்ணயம் செய்பவர் அதை அபாய மணி என்று படிக்க வேண்டும். திடீரென்று எல்லோரும் நமக்கே விற்க ஆசைப்படுகிறார்கள் என்றால், மற்றவர்களைவிட நாம் அதிகம் கொடுக்கிறோம் என்று அர்த்தம்.

வாங்கிய வீடுகளை முடிக்கவும் ஆள் இல்லை. பெயிண்டர், காண்ட்ராக்டர், பொருள் எல்லாவற்றுக்கும் அப்போது தட்டுப்பாடு. அக்டோபர் 18 அன்று புதுக் கொள்முதலை நிறுத்துவதாக அறிவித்தபோது நிறுவனம் சொன்ன காரணம் இந்தத் தேக்கம்தான். காத்திருப்பின் விலையையும் போட்டுப் பார்க்கலாம்: 3 லட்சம் டாலர் வீட்டுக்கு 4 சதவீத வட்டி மாதம் 1,000, சொத்துவரி ஒரு சதவீதம் என்றால் மாதம் 250, காப்பீடு, மின்சாரம், குடியிருப்புச் சங்கக் கட்டணம், புல் வெட்டும் கூலி சேர்த்து 350. மொத்தம் 1,600. இரண்டு மாதம் தள்ளிப்போனால் 3,200, அதாவது இருந்த 6,000-இல் பாதிக்கு மேல். ரிப்பேர் செய்யும் திறன் கொள்முதலின் உச்சவரம்பாக மாடலுக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும். காலியாக உள்ள காண்ட்ராக்டர் குழுக்கள் எத்தனை என்பதைப் பார்த்து, வரிசை நீண்டால் விலை தானாக இறங்க வேண்டும்.

வெளியாளுக்குத் தெரிந்தது

கீபேங்க் நிறுவனத்தின் பங்குச்சந்தை ஆய்வாளர்கள் ஸில்லோ விற்பனைக்குப் போட்டிருந்த 650 வீடுகளை எடுத்துப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு, வாங்கிய விலைக்குக் கீழே பட்டியலிடப்பட்டிருந்தன. சராசரி இறக்கம் 4.5 சதவீதம். (மேலே போட்ட மூன்று வீட்டுக் கணக்கின் 4.4-ஓடு இது ஒட்டி வருவது தற்செயல்தான்.) வெளியாட்களுக்கு எட்டிய விலைகளை வைத்தே போட்ட கணக்கு இது. காலாண்டு அறிக்கை வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

விற்று முடிந்த லாபம் ஐந்து மாதம் தாமதமாக வரும் என்றால், அதற்கு முன்பே வரும் அறிகுறிகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தமான வாரத்தை வைத்து வீடுகளைக் கட்டு கட்டாகப் பிரிப்பது முதல் வேலை. ஒவ்வொரு கட்டுக்கும் வாரந்தோறும் நாலு எண்கள்: கொடுத்த விலைகளில் எத்தனை சதவீதம் ஏற்கப்பட்டது, இன்றைய மாடல் அதே வீடுகளை என்ன மதிப்பிடுகிறது, பட்டியலிட்ட விலை வாங்கிய விலைக்கு மேலா கீழா, இரண்டு வாரத்துக்குள் விலைக்குறைப்பு செய்தவை எத்தனை. முதலிரண்டும் வாங்கிய வாரத்திலேயே கிடைக்கும். ஜூலைக் கட்டுக்கும் மே கட்டுக்கும் இடையில் ஏற்பு விகிதம் எகிறியிருந்தால் ஆகஸ்டிலேயே கை தானாக நின்றிருக்கும்.

எதைக் கண்டால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். உதாரணமாக, தொடர்ந்து இரண்டு வாரம் ஒரு நகரத்தில் பட்டியல் விலையின் இடைநிலை வாங்கிய விலைக்குக் கீழே போனால் அங்கே புதிய விலைகள் 2 சதவீதம் குறையும், நாலு வாரம் போனால் கொள்முதல் நிற்கும். நிறுத்தும் அதிகாரம் கொள்முதல் இலக்கு உள்ளவரிடம் இருக்கக் கூடாது. கூட்டம் போட்டுப் பேசி நிறுத்தலாம் என்று விட்டால், அந்தக் கூட்டம் நடப்பதற்குள் இன்னும் ஆயிரம் வீடு வந்துவிடும்.

கூடவே ஒரு சின்னப் பரிசோதனை. நூற்றில் ஐந்து விலைகளை வேண்டுமென்றே குலுக்கல் முறையில் ஒன்றரை சதவீதம் மேலேயோ கீழேயோ மாற்றிச் சொல்வது. இதற்கு ஆகும் செலவு கொஞ்சம், கிடைப்பது விலை மாறினால் ஏற்பு எவ்வளவு மாறுகிறது என்ற வளைகோடு. அந்த வளைகோடு இல்லாமல் மேலே சொன்ன 4.4 போன்ற திருத்தத்தை ஊகத்தில்தான் போட முடியும். இருபதில் ஒரு வீட்டுக்கு, பணம் கொடுப்பதற்கு முன், மாடலின் எண்ணைக் காட்டாமல் தனி மதிப்பீட்டாளரை அனுப்புவதும் நல்லது. எண்ணைக் காட்டி அனுப்பினால் அவரும் அதை ஒட்டியே சொல்வார்.

நேர்மையாகக் கணக்குப் போட்டால்

விலை எப்படி வந்திருக்க வேண்டும்? மாடலின் நடுமதிப்பு 3,00,000. ஐந்து மாத ஏற்றத்துக்கு அடக்கமாக ஒரு சதவீதம் சேர்த்தால் 3,03,000. நம் விலையை ஏற்பவர் வீடு சராசரிக்குக் கீழ் என்பதற்காக 13,300 கழித்தால் 2,89,700. விற்கும்போது புரோக்கர் கமிஷனும் மற்றதும் 6 சதவீதம், 17,400. ரிப்பேர் 9,000. ஐந்து மாத வைப்புச் செலவு 8,000. லாபம் 6,000. மிஞ்சுவது 2,49,300.

வீட்டுக்காரர் பக்கம் பார்ப்போம். அவர் வீடு உண்மையிலேயே 3 லட்சம் பெறும் என்றால், 9,000-க்கு ரிப்பேர் செய்து 18,000 கமிஷன் கொடுத்துத் தானே விற்று 2,73,000 கொண்டுபோவார். ஸில்லோவுக்குக் கொடுத்தால் சுமார் 24,000 டாலர் குறைவு. இதையும் ஏற்பவர் யார்? வேறு ஊரில் அடுத்த மாதம் வேலைக்குச் சேர வேண்டியவர், விவாகரத்தில் சொத்தைப் பிரிப்பவர், தூரத்தில் இருந்துகொண்டு அப்பாவின் வீடு கைக்கு வந்தவர். அப்படிப்பட்டவர்கள் உண்டு, அவர்களுக்கு இந்தச் சேவை பெரிய உபகாரமும்கூட. ஆனால் மாதம் 5,000 பேர் கிடைப்பார்களா?

தரவுப் பகுப்பாய்வு தந்திருக்கக்கூடிய மிக மதிப்பான விடை இதுதான்: தொழில் உண்டு, சிறிய அளவில். அந்த விடை நிர்வாகக் குழுவின் மேசைக்கு வரவேண்டும் என்றால் முதலில் கேள்வி அப்படிக் கேட்கப்பட்டிருக்க வேண்டும். "எவ்வளவு துல்லியமாகக் கணிக்கிறோம்?" என்று கேட்டால் 6.9 என்ற எண் வரும், போன ஆண்டைவிடக் குறைந்திருக்கிறது என்று கைதட்டலும் வரும். "இந்தப் பிழையோடு எத்தனை வீடு வாங்கலாம்?" என்று கேட்டிருந்தால் பேச்சே வேறு மாதிரி போயிருக்கும்.

நிறுத்திய விதம், அதற்குப் பிறகு

ஸில்லோவுக்குத் தர வேண்டிய மதிப்பெண் ஒன்று உண்டு. கொள்முதலை இடைநிறுத்தியதற்கும் தொழிலையே மூடியதற்கும் இடையில் பதினைந்து நாள்தான். வீட்டு விலையைக் கணிப்பதில் உள்ள நிச்சயமின்மை தாங்கள் எதிர்பார்த்ததை வெகுவாக மிஞ்சிவிட்டது என்று பார்ட்டன் வெளிப்படையாகவே சொன்னார். போட்ட பணத்தை நினைத்து இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்று இழுத்திருந்தால், 2022-இல் வட்டி ஏறும்போது இந்தக் கையிருப்போடு மாட்டியிருப்பார்கள். சந்தை அதுவரை தாங்கியதால் கையிருப்பை எதிர்பார்த்ததைவிட வேகமாகவும் குறைந்த நட்டத்திலும் விற்க முடிந்தது. அப்படியும் 2021 முழு ஆண்டுக்கு வீட்டுப் பிரிவின் நட்டம் 88.1 கோடி டாலர்.

சந்தை மேல் பழி போட இடம் குறைவு. அதே 2021 மூன்றாம் காலாண்டில் ஓப்பன்டோர் 15,181 வீடுகளை வாங்கியது, ஸில்லோவைவிட அதிகம். அந்தக் காலாண்டில் இந்த மாதிரி அடி அதற்கு விழவில்லை. விலை சொல்வதிலும் ரிப்பேரை முடிப்பதிலும் அதற்கு 2014 முதல் இருந்த பழக்கம் கை கொடுத்தது. ஆனால் தாமதம் என்ற நோய் அதையும் விடவில்லை. 2021-இல் 3 சதவீதத்தை ஒட்டி இருந்த 30 ஆண்டு வீட்டுக் கடன் வட்டி, 2022 அக்டோபரில் 7 சதவீதத்தைத் தாண்டியது. அந்த ஆண்டு மூன்றாம் காலாண்டில் ஓப்பன்டோர் கையிருப்பு மதிப்பில் 57.3 கோடி டாலரைக் குறைத்து எழுதியது, நிகர நட்டம் 92.8 கோடி. நவம்பரில் இன்னொரு போட்டியாளரான ரெட்ஃபின் தன் வீடு வாங்கும் பிரிவை மூடியது.

இதற்கிடையில் 2022 ஆகஸ்டில் ஸில்லோவும் ஓப்பன்டோரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி ஸில்லோ தளத்தில் வீட்டுக்காரர் விலை கேட்கலாம். விலையைச் சொல்வதும் வீட்டை வாங்குவதும் விற்க முடியாவிட்டால் வைத்துக்கொண்டு தவிப்பதும் ஓப்பன்டோர். ஸெஸ்டிமேட் இன்றும் அந்தத் தளத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துக் காசோலையில் கையெழுத்துப் போடுபவர் மட்டும் ஸில்லோவில் இப்போது இல்லை.